டர்பன் ஆலையில் பல இனத்தார்: ஆள் எடுப்பது முதல் மேலே ஏற்றுவது வரை ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், இசிபிங்கோ பக்கம் நம்மவர்கள் நடத்தும் தொழில்கள் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள். மசாலா ஆலை, தையல் கம்பெனி, லாரி சர்வீஸ், இரும்புக் கதவுப் பட்டறை. தாத்தா தொடங்கியிருப்பார், பேரன் கணினியில் கணக்குப் பார்ப்பான். எங்கே போனாலும் அமைப்பு ஒன்றுதான்: அலுவலகத்தில் குடும்பத்தார், மேற்பார்வையில் இந்தியர், இயந்திரத்திலும் கிடங்கிலும் ஆப்பிரிக்கரான ஜூலு மக்கள். இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைக்கவில்லை. நிறவெறி ஆட்சி 1950-ல் குடியிருப்பை இனவாரியாகப் பிரித்தது, 1956-ல் வேலையையும் இனவாரியாக ஒதுக்கச் சட்டம் கொண்டுவந்தது. நடுப்படியில் நம்மை உட்காரவைத்தது அந்த ஏற்பாடு. சட்டம் போய்விட்டது, படிகள் போகவில்லை.

ஆகவே ‘எங்கள் கம்பெனியில் எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள்’ என்று சொல்வதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எல்லா இனத்தாரும் 1970-லும் இருந்தார்கள். யார் எந்தப் படியில் நிற்கிறார்கள், கீழே இருப்பவர் மேலே வர வழி இருக்கிறதா, அந்த வழி முதலாளி மாறினாலும் திறந்திருக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்குத்தான். டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாநிலத்தில் தொழில் நடத்தும் தமிழர்களையும், இங்கே மேலாளராக இருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில்: சட்டம் உங்களை எங்கே தொடுகிறது

அடிப்படை, 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். அதில் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாகுபாடு கூடாது என்ற பகுதி எல்லோருக்கும் பொருந்தும். மூன்று பேர் வேலை செய்யும் கடையாக இருந்தாலும் சரி. இனம், பால், கர்ப்பம், மதம், மொழி, பண்பாடு, வயது, ஊனம், எச்ஐவி நிலை என்று பட்டியல் நீளும். வேலைக்கு விண்ணப்பித்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

அடுத்த பகுதி சமத்துவத்துக்காகக் குழு அமைப்பது, ஆய்வு செய்வது, திட்டம் போடுவது, அறிக்கை அனுப்புவது. 2025 ஜனவரி 1 முதல் இது 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும். முன்பு ஆள் குறைவாக இருந்தாலும் விற்றுமுதல் அதிகமென்றால் உள்ளே இழுத்துவிடும். அந்த விதி இப்போது இல்லை. அதே திருத்தத்தின்படி, 18 துறைகளுக்கு ஐந்தாண்டு இலக்குகளை அமைச்சர் 2025 ஏப்ரலில் அரசிதழில் வெளியிட்டார். மேல் நான்கு படிகளுக்கு இன, பால் வாரியான இலக்கு, ஊனமுற்றோருக்கு 3 விழுக்காடு. திட்டமே இல்லாமலோ அறிக்கை அனுப்பாமலோ இருந்தால் முதல் தடவையே 15 லட்சம் ராண்ட் அல்லது விற்றுமுதலில் 2 விழுக்காடு, எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம்.

48 பேரோடு நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடும் முதலாளிகள் உண்டு. அரசு ஒப்பந்தமும் பெரிய சூப்பர்மார்க்கெட்களின் ஆர்டரும் வேண்டுமென்றால் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்பு மதிப்பெண் கேட்பார்கள். அதில் நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் தொழில் பயிற்சிக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கிறது. இந்தக் கதவில் தப்பினால் அந்தக் கதவில் மாட்டுவீர்கள்.

படி 1: படிவாரியாக எண்ணுங்கள்

ஒவ்வொரு ஊழியரும் இஇஏ1 என்ற படிவத்தில் தன் இனம், பால், ஊனம் பற்றித் தானே எழுதித் தர வேண்டும். முகத்தைப் பார்த்து மேலாளர் நிரப்பக் கூடாது. ஒருவர் எழுத மறுத்தால் மட்டும் நம்பகமான பழைய பதிவுகளை வைத்து நிரப்பலாம்.

அதன்பின் ஆறு படிகளாகப் பிரியுங்கள்: உச்ச நிர்வாகம், மூத்த நிர்வாகம், நடு நிர்வாகம், திறன் பெற்றோர் மற்றும் இளநிலை நிர்வாகம், அரைத்திறன் பணியாளர், திறன் தேவைப்படாத வேலை. 64 பேர் இருக்கும் ஒரு மசாலா ஆலை என்று வைத்துக்கொள்வோம். 45 பேர் ஆப்பிரிக்கர். மொத்தத்தைப் பார்த்தால் 70 விழுக்காடு, நன்றாகத்தான் தெரியும். மேல் நான்கு படிகளில் இருக்கும் 18 பேரை மட்டும் தனியே எடுங்கள். அதில் ஆப்பிரிக்கர் இரண்டு பேர். இந்த இரண்டு என்ற எண்தான் உங்கள் ஆலையின் உண்மை நிலை.

இங்கே நம்மவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டத்தின் பார்வையில் இந்தியரும் கறுப்பினத்தவர் என்ற பிரிவில் அடக்கம், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவரோடு சேர்த்து. அதனால் ‘நாங்களே ஒடுக்கப்பட்டவர்கள், எங்களுக்கு எதற்குத் திட்டம்’ என்ற பேச்சு அடிக்கடி கேட்கும். ஒடுக்கப்பட்டது உண்மை. நாட்டின் மக்கள்தொகையில் நாம் 2.7 விழுக்காடு என்பதும், உச்ச நிர்வாகப் படியில் நம் பங்கு அதைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த பொறியாளரை ‘இந்தியர்’ வரியில் போட்டுக் கணக்குக் காட்ட முடியாது. அவர் வெளிநாட்டவர். ஜிம்பாப்வே, மலாவி நாட்டுக்காரர்களும் அதே வரியில்தான் வருவார்கள்.

படி 2: குழு

தொழிற்சங்கம் இருந்தால் அதனோடு, இல்லையென்றால் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளோடு நிர்வாகம் கலந்து பேச வேண்டும். எல்லாப் படியிலிருந்தும் ஆள் வேண்டும். பொறுப்பை அதிகாரமுள்ள ஒரு மூத்த மேலாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். முதலாளியின் மைத்துனர் தலைவர், வரவேற்பு மேசைப் பெண் செயலாளர் என்று இரண்டு பேரை வைத்து ஒப்பேற்றும் குழுவை ஆய்வாளர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

கூட்டத்தை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தினால் கிடங்கு ஊழியர்களின் பிரதிநிதி தலையாட்டிவிட்டுப் போவார். ஜூலுவிலும் பேசட்டும், ஒருவர் மொழிபெயர்க்கட்டும். அரை மணி நேரம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

படி 3: தடை எங்கே என்று தோண்டுங்கள்

முழு வேலையின் உயிர் இந்தப் படிதான். வழிகாட்ட ஆளில்லாமல் பல கம்பெனிகள் தவறவிடுவதும் இதைத்தான்.

நம் தொழில்களில் முதல் தடை ஆள் எடுக்கும் விதம். ஃபோர்மன் இடம் காலியானால் கோயிலில் ஒரு வார்த்தை, வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை. மறுநாள் சித்தப்பா மகன் வந்து நிற்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தெரிந்தவன் என்றால் நம்பலாம் என்ற நினைப்பு. ஆனால் எட்டு வருடமாக அரவை இயந்திரத்தை இயக்கி, அதன் சத்தத்திலேயே பழுதைச் சொல்லிவிடும் ஜூலு ஆபரேட்டருக்கு, அப்படி ஓர் இடம் காலியானதே தெரியாமல் போகிறது. தீர்வு எளிது: எந்த வேலையாக இருந்தாலும் முதலில் உள்ளே, ஆங்கிலத்திலும் ஜூலுவிலும், நேரம் பதிவு செய்யும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு வாரம் அறிவிப்பு ஒட்டுங்கள். வெளியே தேடுவது அதற்கு அப்புறம். உறவினரும் விண்ணப்பிக்கட்டும், அதே வரிசையில் நின்று.

இரண்டாவது தடை விளம்பரத்தில் எழுதும் தகுதிகள். ‘சொந்தக் கார் வேண்டும்’, ‘ஐந்து வருட மேற்பார்வை அனுபவம்’, ‘மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) கட்டாயம்’. இவற்றில் எது உண்மையிலேயே அந்த வேலைக்குத் தேவை? சட்டம் தகுதி என்பதை நான்கு வழியில் பார்க்கச் சொல்கிறது: முறையான படிப்பு, வேலையிலேயே கற்றுக்கொண்டது, தொடர்புடைய அனுபவம், நியாயமான காலத்துக்குள் கற்றுக்கொள்ளும் ஆற்றல். அனுபவம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தள்ளவும் கூடாது. மேற்பார்வை வேலையே இதுவரை கிடைக்காத மக்களிடம் மேற்பார்வை அனுபவம் கேட்டால், வேண்டாம் என்று சொல்வதற்கு அது ஒரு நாகரிகமான வழி, அவ்வளவுதான்.

மூன்றாவது நேர்முகம். எல்லோரிடமும் அதே கேள்விகள், மதிப்பெண் தாள், குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் ஆப்பிரிக்கர். மசாலா கலக்கும் ஃபோர்மன் வேலைக்கு ஆங்கிலப் பேச்சைச் சோதிப்பதைவிட ஒரு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்ப்பது மேல். தாள்களைக் கோப்பில் வையுங்கள். வழக்கு வந்தால் அவைதான் பேசும்.

படி 4: திட்டம் எழுதுவது

திட்டம் ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்கு. எண் இலக்கு வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். விட்டுக்கொடுக்காத ஒதுக்கீடு வைக்கச் சட்டம் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு முழுக் கதவடைப்பாக ஆகவும் தேவையில்லை. யாரையும் வெளியே அனுப்பி இடம் உண்டாக்குவதும் அல்ல. அடுத்த ஐந்து வருடத்தில் யார் ஓய்வு பெறுகிறார்கள், எந்தப் பிரிவு வளர்கிறது என்று பாருங்கள். நம் உதாரண ஆலையில் நான்கு ஃபோர்மன்கள் அறுபதைத் தொடுகிறார்கள் என்றால், உங்கள் இலக்குக்கு இடம் நான்கு. அதற்கு மேல் எழுதினால் அது கற்பனை.

இங்கே மாநிலக் கணக்கு முக்கியம். சிறைத்துறை வழக்கு ஒன்றில் 2016-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், தேசிய விகிதாச்சாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, மாநில விகிதாச்சாரத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மேற்குக் கேப்பில் கலப்பினத்தவர் தொடர்பாக எழுந்த வழக்கு அது. இந்தியர் அதிகம் வாழும் க்வாசூலு-நட்டாலுக்கும் அந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தும். நம் இளைஞர்களுக்கு இனி இடமே இல்லை என்று வீட்டில் புலம்புகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

படி 5: ஏற்றிவிடுவது

ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டினால், அதில் 1 விழுக்காடு திறன் மேம்பாட்டு வரியாகப் போகிறது. பயிற்சித் திட்டத்தை உங்கள் துறையின் பயிற்சி ஆணையமான சீட்டா அமைப்புக்கு ஏப்ரல் 30-க்குள் அனுப்பினால் கட்டியதில் 20 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். உணவு ஆலைகளுக்கு ஃபுட்பெவ் சீட்டா. பல குடும்பக் கம்பெனிகள் வரியைக் கட்டிவிட்டு மறந்துவிடுகின்றன. பணத்தையும் விட்டு, ஆளை வளர்க்கும் வாய்ப்பையும் விட்டு.

ஓய்வு பெறப்போகும் ஃபோர்மனோடு அடுத்த ஆளைப் பன்னிரண்டு மாதம் சேர்த்து நடக்கவிடுங்கள். சரக்கு வாங்குவது, விலை பேசுவது, ரெசிபி விகிதம் ஆகிய மூன்றும் நம் ஆலைகளில் குடும்ப ரகசியம். ரகசியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆளை மட்டும் மேலே ஏற்றினால், பதவிப் பெயர் மேலாளர், கையில் அதிகாரம் பூஜ்யம். அதற்கு இங்கே ‘முகப்பு வைப்பது’ என்றுதான் பேர், அது குற்றமாகவே பார்க்கப்படும். கையெழுத்து அதிகாரமும் சேர்ந்து ஏற வேண்டும்.

படி 6: சம்பளம்

சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பது 2014-லிருந்து சட்டத்தில் வெளிப்படையாக இருக்கிறது. பொறுப்பு, திறன், உழைப்பு, வேலைச் சூழல் ஆகிய நான்கையும் வைத்து வேலைகளை ஒப்பிட வேண்டும். பணிமூப்பு, படிப்பு, செயல்திறன் காரணமாக வேறுபாடு வரலாம். அதை எழுதிக் காட்ட முடிய வேண்டும். ‘அவன் என்னோடு தொடக்கத்திலிருந்து இருக்கிறான்’ என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லையென்றால் சிக்கல். உச்சச் சம்பளத்துக்கும் அடிச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியை இஇஏ4 படிவத்தில் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 7: அன்றாடம்

திட்டம் கோப்பில் இருக்கும். ஆட்கள் நின்று வேலை செய்வதும் விட்டுப் போவதும் சாப்பாட்டு அறையில் தீர்மானமாகிறது.

புரட்டாசி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் கறி தொடாது. சாப்பாட்டு அறையில் ஒரே மைக்ரோவேவ். ஜூலு ஊழியர் மாட்டிறைச்சிக் குழம்பைச் சூடாக்குகிறார், நம் அக்கா முகத்தைச் சுளிக்கிறார், ‘புரட்டாசி முடியும்வரை மாட்டிறைச்சி கொண்டுவரக் கூடாது’ என்று மேலாளர் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார். அந்த நோட்டீஸ்தான் வினை. ஒருவரின் விரதத்துக்காக இன்னொருவரின் சாப்பாட்டைத் தடை செய்தாகிவிட்டது. இன்னொரு மைக்ரோவேவ் வாங்கி ஒன்றில் ‘சைவம்’, இன்னொன்றில் ‘எல்லாம்’ என்று ஒட்டினால் வருடம் முழுவதும் அந்தப் பிரச்சினை இல்லை. முஸ்லிம் ஊழியர் இருந்தால் பன்றி இறைச்சியையும் கேட்டு முடிவெடுங்கள்.

விடுப்பு அடுத்தது. தென்னாப்பிரிக்காவின் 12 பொது விடுமுறைகளில் தீபாவளி கிடையாது, தைப்பூசம் கிடையாது, ஈதும் கிடையாது. ஆனால் 1994-ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டப்படி, முதலாளியும் ஊழியரும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் 24-ல் வேலைக்கு வந்து தீபாவளிக்கு விடுப்பு எடுக்கலாம். எழுத்தில் இருக்க வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

இந்த வசதியைத் தமிழருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, ஷெம்பே சபை ஊழியர் கேட்டால் ‘உற்பத்தி பாதிக்கும்’ என்று சொல்கிற ஆலைகள் நிறைய. ஐசாயா ஷெம்பே 1910-ல் தொடங்கிய அந்த ஆப்பிரிக்கக் கிறிஸ்தவச் சபையார் சனிக்கிழமை வேலை செய்ய மாட்டார்கள். ஜனவரியில் ந்லாங்ககாஸி மலை யாத்திரை, ஜூலையில் பெரிய கூடுகை. நாம் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பதைப் போலத்தான். சனிக்கிழமை சரக்குக் கணக்கெடுப்புக்கு வர மறுத்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் பெண்ணை ஒரு கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. 2018-ல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தானாகவே நியாயமற்ற பணிநீக்கம் என்றது. பிரிட்டோரியாப் பக்கத்து விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்த பெண் பாரம்பரிய வைத்தியராகப் பயிற்சி பெற ஐந்து வாரம் கேட்டார், ஒரு வாரம்தான் தருவோம் என்றார்கள், போய்விட்டார், நீக்கினார்கள். 2013-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு 2007-ல் வந்தது. டர்பன் பள்ளி ஒன்றில் படித்த தமிழ் மாணவியின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். பெண் வயதுக்கு வந்தபின் மூக்குத்தி போடுவது குடும்ப வழக்கம் என்று தாய் வாதாடினார். மதம் கட்டாயப்படுத்தாத வழக்கமாக இருந்தாலும், ஒருவரின் அடையாளத்தோடு ஒட்டியது என்றால் நியாயமான இடம் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி வழக்குதான், ஆனால் உடை விதி எழுதும் எந்த மேலாளரும் படிக்க வேண்டியது. இயந்திரத்தில் சிக்கும் ஆபத்து, உணவுச் சுகாதாரம் போன்ற உண்மையான காரணம் இருந்தால் தடுக்கலாம். ‘நன்றாக இல்லை’ என்பது காரணம் ஆகாது. நமக்குக் கிடைத்த அந்த உரிமையை, முன்னோர் சடங்கில் ஜூலு ஊழியரின் மணிக்கட்டில் கட்டிய ஆட்டுத்தோல் வளையத்துக்கும் கொடுக்க வேண்டும்.

பேச்சு வழக்கைப் பற்றியும் கொஞ்சம். ஃபனகலோவில் கட்டளை இடுவதை நிறுத்துங்கள். சுரங்கத்திலும் வெள்ளையர் வீட்டுச் சமையலறையிலும் வளர்ந்த அந்தக் கலப்பு மொழி, கேட்பவருக்கு எஜமான் குரலாகத்தான் கேட்கும். காலையில் ‘சவுபோனா’ என்று வணக்கம் சொல்லாமல் நேரே வேலையைப் பற்றிப் பேசினால் அது மரியாதைக் குறைவு. ஐம்பது வயது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இருபத்தைந்து வயது முதலாளி மகனுக்கு, ‘பாபா’ (அப்பா) என்று சொல்லப் பழக்குங்கள். நம் வீட்டுப் பெரியவரை ஊழியர் யாராவது பெயர் சொல்லி அழைத்தால் நாம் பொறுப்போமா?

2021 ஜூலைக் கலவரத்தையும், அப்போது இந்தியர் பகுதியான ஃபீனிக்ஸில் பெரும்பாலும் ஆப்பிரிக்கர் கொல்லப்பட்டதையும் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. சாப்பாட்டு அறையில் அது பேசப்படாமலே உட்கார்ந்திருக்கிறது. முதலாளி அதைப் பற்றி விவாதம் நடத்தத் தேவையில்லை. பக்கம் சாய்ந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் கம்பெனிக் குழுவில் போடுகிறவர் யாராக இருந்தாலும், தன் தம்பியாக இருந்தாலும், அதே விதிப்படி நடவடிக்கை என்று தெரிந்தாலே பாதி இறுக்கம் தளரும்.

படி 8: ஊனமுற்றோர், உடல்நிலை

இதில் தயக்கத்துக்கு இடமில்லை, வேலை சின்னதுதான். சாய்தளம், கழிப்பறைக் கைப்பிடி, உட்கார்ந்து செய்யக்கூடிய பொட்டல வேலை. சர்க்கரை நோயால் கால் இழந்த பழைய டிரைவரை அனுப்பிவிடாமல் அலுவலகச் சரக்கு அனுப்பும் மேசைக்கு மாற்றலாம். ஊனத்தை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம், சொன்னால் ரகசியம் காக்க வேண்டும். தொழிலாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யவே முடியாது.

படி 9: புகார்

ஊழியர் ஒருவர் இன்னொருவரை இனப் பெயரால் திட்டினார், முதலாளிக்குத் தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை என்றால், சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி முதலாளியே செய்ததாக எடுத்துக்கொள்வார்கள். 2022 மார்ச்சில் வந்த துன்புறுத்தல் தடுப்பு நெறிமுறை இனரீதியான துன்புறுத்தலையும் தனியாக விளக்குகிறது. புகாரை வாங்க இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் குடும்பத்துக்கு வெளியே. நாள், நேரம், சாட்சி எழுதுங்கள். பாகுபாட்டுப் புகாரை ஊழியர் ஆறு மாதத்துக்குள் சிசிஎம்ஏ சமரச ஆணையத்துக்குக் கொண்டுபோகலாம். பணிநீக்கம் என்றால் 30 நாள்.

படி 10: காலண்டர்

நல்ல மனிதவள மேலாளர் இருக்கும்வரை எல்லாம் ஓடும், அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துப் போனதும் நின்றுவிடும். இதைத் தடுக்க ஆண்டுச் சுழற்சியைச் சுவரில் எழுதுங்கள். ஜனவரி 15: மின்வழி அறிக்கைக்குக் கடைசி நாள். பிப்ரவரி: தைப்பூச விடுப்பு முடிந்த கையோடு குழுக் கூட்டம், போன ஆண்டு யார் ஏறினார்கள், யார் விலகினார்கள். ஏப்ரல் 30: பயிற்சித் திட்டம். மே: ஜூலை, ஆகஸ்ட் விடுப்புப் பட்டியல், ஏனென்றால் ஷெம்பே கூடுகையும் மாரியம்மன் கோயில் கஞ்சி ஊற்றும் ஆடி மாதமும் அடுத்தடுத்து வரும். ஆகஸ்ட்: சம்பள ஒப்பீடு. செப்டம்பர் 1: அறிக்கை இணையவழி திறக்கிறது, அன்றைக்கே தொடங்குங்கள். அக்டோபர்: விலகிப் போனவர்களிடம் வாங்கிய பதில்களைக் குழு ஒன்றாக உட்கார்ந்து படிப்பது. விலகுகிறவரிடம் கேட்க இரண்டே கேள்வி போதும்: இங்கே மேலே வர முடியும் என்று நம்பினீர்களா, எப்போது அந்த நம்பிக்கை போனது. கேட்பவர் அவருடைய மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது, பதிலை ஜூலுவில் சொன்னால் ஜூலுவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.